அண்ணன் போன தெரு

"அமெரிக்கா வந்து யாராச்சும் சுடுகாடு பார்க்கப் போவாங்களா மாமா?"

கேட்டவன் என் மச்சினன். அட்லாண்டாவில் கம்ப்யூட்டர் உத்தியோகம். 2024 மார்ச் மாதம் நான் போய் இறங்கியதுமே கையில் ஒரு லிஸ்ட்டைத் திணித்தான். மீன் காட்சியகம், கோகோ கோலாவுக்கென்றே ஒரு மியூசியம், ஒரு மால், பிறகு இன்னொரு மால். நான் லிஸ்ட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "மேக்கன் போகணும் மாப்ளே. அங்கே ரோஸ் ஹில்னு ஒரு கல்லறைத் தோட்டம்" என்றேன்.

"அங்க நமக்கு யாரு இருக்கா?"

"அண்ணன் தம்பி ரெண்டு பேர்."

அண்ணன் தம்பி என்றதும் பையன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. காரணம் உண்டு. அவனுக்கும் அவன் அண்ணனுக்கும், அதாவது என் பெரிய மச்சானுக்கும், இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஊரில் ஒரு மனை விற்ற விவகாரம். ஆளுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். நான் வீட்டு மாப்பிள்ளை என்பதால் இரண்டு கதைக்கும் ஒரே மாதிரி தலையாட்டிக் காலம் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை புறப்பட்டோம். அட்லாண்டாவிலிருந்து தெற்கே 75-ஆம் நம்பர் ஹைவேயில் சுமார் 130 கிலோமீட்டர். இருபுறமும் பைன் மரங்கள், அவ்வப்போது ஒரு பெட்ரோல் பங்க், மறுபடி பைன் மரங்கள். பையன் போனில் நான் கேட்ட பாட்டைத் தேடிப் போட்டான்.

ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட். பிரம்மச்சாரி காலத்தில் திருவல்லிக்கேணி மேன்ஷனில் பக்கத்துக் கட்டில்காரர் வைத்திருந்த ஒரு காஸெட்டில் முதல்முதலாகக் கேட்டது. பாதி தேய்ந்த டேப். அப்போது ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் கிடார் மட்டும் யாரோ தெருக்கோடியிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

பாட்டின் பெயர் 'விப்பிங் போஸ்ட்'. 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் ரசிகர்கள் முன்னால் வாசித்துப் பதிவு செய்தது. நீளம், கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளுங்கள், ஏறக்குறைய 23 நிமிஷம். "முடிஞ்சிருச்சா?" என்று பையன் மூன்று தடவை கேட்டான். முடியவில்லை. ஒரே பாட்டில் 40 கிலோமீட்டர் தாண்டியிருந்தோம்.

அதன் தாளத்தை நீங்களும் மேஜையில் தட்டிப் பார்க்கலாம், மானேஜர் பக்கத்தில் இல்லாதபோது. தகிட, தகிட, தகிட, தக. மூணு, மூணு, மூணு, ரெண்டு. ஆகப் பதினொன்று. ராக் உலகத்தில் நாலு எண்ணிக்கைதான் பொதுச் சொத்து; பதினொன்று என்பது தெரிந்தே வம்பை விலைக்கு வாங்குவது. இதில் வேடிக்கை, எழுதிய தம்பி கிரெக்குக்கு அது பதினொன்று என்றே தெரியாது. அண்ணன் டுவேன் சொல்லித்தான் தெரிந்ததாம். எழுதிய விதமும் ரசமானது. ராத்திரி தெரிந்தவர் வீட்டில் படுத்திருந்தபோது பாட்டு வந்துவிட்டது. வீட்டில் குழந்தை தூங்குகிறது, விளக்குப் போட முடியாது, காகிதமும் இல்லை. தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்து, அந்தக் கரியால் இஸ்திரி மேஜையின் துணி உறையில் எழுதி வைத்தார்.

அந்தத் துணியை மறுநாள் யார் துவைத்தார்கள், என்ன சொல்லித் திட்டினார்கள் என்பதுதான் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

* * *

அண்ணன் டுவேன் பிறந்தது 1946 நவம்பரில். தம்பி கிரெக் 1947 டிசம்பரில். அப்பா ராணுவ ஆபீசர். 1949-ல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் முன்பின் தெரியாத ஒருவனுக்குக் காரில் லிஃப்ட் கொடுத்தார். அவன் சுட்டுக் கொன்றுவிட்டான். பையன்களுக்கு மூன்று வயது, இரண்டு வயது. அம்மா கணக்கு வேலைக்குப் படிக்க வேண்டியிருந்ததால் பிள்ளைகளைக் கொஞ்ச காலம் ராணுவ போர்டிங் ஸ்கூலில் விட்டார். அந்த வயதிலிருந்தே தம்பிக்கு அப்பா, வாத்தியார், ரவுடி, காவல்காரன் எல்லாமே அண்ணன்தான்.

பிறகு ஃபுளோரிடாவில் டேடோனா பீச். கிரெக் வீடு வீடாகப் பேப்பர் போட்டுக் காசு சேர்த்து, ஸியர்ஸ் கடைக்குக் கிடார் வாங்கப் போனான். கையில் இருந்தது 21 டாலர். கிடார் விலை 21 டாலர் 95 சென்ட். கடைக்காரர் மசியவில்லை. அந்த 95 சென்ட்டுக்காகத் திரும்பி வீட்டுக்குப் போய், மறுநாள் வந்து வாங்கினான். முதல் தேதிக்கு முந்தின வாரம் துணிக்கடை வாசலில் பாக்கெட்டைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

கிடார் தம்பியுடையது. மோட்டார் சைக்கிள் அண்ணனுடையது. அண்ணன் வண்டியை அடித்து நொறுக்கிவிட்டு வந்து தம்பி கிடாரைத் தொட்டான். அதற்கப்புறம் யார் வாசிப்பது என்று வீட்டில் தினமும் கைகலப்பு. கடைசியில் உடைந்த வண்டியின் பார்ட்ஸைக் கொடுத்துத் தனக்கும் ஒரு கிடார் வாங்கிக்கொண்டான். பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினான். சில மாதங்களில் தம்பியைத் தாண்டிப் போய்விட்டான். தம்பியே ஒத்துக்கொண்டதுதான்.

1965-ல் தம்பிக்கு ராணுவ அழைப்பு வந்தது. போனால் வியட்நாம். அண்ணன் ஒரு பிளான் சொன்னான்: காலில் சுட்டுக்கொள். தம்பியும் ஷூ மேல் குறி வரைந்து, துப்பாக்கியை வைத்துச் சுட்டுக்கொண்டான். கட்டுப்போட்ட காலோடு போய் நின்றவனை ராணுவம் வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. "இவனெல்லாம் அண்ணனா?" என்றான் மச்சினன். "தம்பி உயிரோட இருந்தானே" என்றேன். பேசாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான்.

இருவரும் லாஸ் ஏஞ்சலீஸ் போய் ஒரு கம்பெனியிடம் மாட்டிக்கொண்டார்கள். என்ன வாசிக்க வேண்டும், என்ன உடுத்த வேண்டும் என்பதெல்லாம் கம்பெனி சொல்லுமாம். அண்ணன் உதறிவிட்டு அலபாமா மாநிலம் மஸல் ஷோல்ஸ் என்ற சின்ன ஊரின் ஸ்டூடியோவில் கூலிக்குக் கிடார் வாசிக்கப் போனார். 1968-ல் வில்சன் பிக்கெட் என்ற கறுப்பினப் பாடகருக்கு அவர் வாசித்த சில நிமிஷங்களைக் காரில் கேட்டு, இது யார் என்று விசாரித்தவர் எரிக் கிளாப்டன். 1970-ல் 'லைலா' ஆல்பத்தில் கிளாப்டனோடு சேர்ந்து கிடார் வாசித்தவர் இந்த டுவேன்தான். எங்களோடே இருந்துவிடு என்று கிளாப்டன் கூப்பிட்டார். டுவேன் போகவில்லை. தனக்கென்று ஒரு பேண்ட் இருக்கிறது என்று திரும்பி வந்துவிட்டார்.

அந்த பேண்ட் பிறந்தது 1969 மார்ச்சில், ஃபுளோரிடாவின் ஜாக்ஸன்வில்லில். இரண்டு கிடார், டுவேனும் டிக்கி பெட்ஸும். பேஸ் கிடார் பெர்ரி ஓக்லி. டிரம்ஸுக்கு ஒருவர் போதாதென்று இருவர்: பட்ச் டிரக்ஸ், ஜேமோ. பாட ஆள் இல்லை. அண்ணன் லாஸ் ஏஞ்சலீஸுக்குப் போன் போட்டுத் தம்பியை வா என்றார். வந்த தம்பி இவர்கள் வாசிப்பதைக் கேட்டு மிரண்டு போய், என்னால் ஆகாது என்று பின்வாங்க, அண்ணன் தனியாக அழைத்துப் போய்க் காய்ச்சு காய்ச்சென்று காய்ச்சியிருக்கிறார். தம்பி வந்து நின்று பாடினார். மட்டி வாட்டர்ஸ் என்ற பழைய ப்ளூஸ் மேதையின் 'டிரபிள் நோ மோர்'. வயது 21. குரலோ ஐம்பது வயதுக் கறுப்பினத் தொழிலாளி ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்து பாடுகிற குரல்.

* * *

மேக்கனில் நுழைந்ததும் ஊரே ரோஸ் கலரில் இருந்தது. செர்ரி மரங்கள் பூத்திருந்தன. மார்ச் மாதம் இதற்கென்றே திருவிழா நடக்கிறது, ரோஸ் கலரில் தோசை மாதிரி பான்கேக்கெல்லாம் போடுகிறார்கள். மற்றபடி ஒன்றரை லட்சம் சொச்சம் பேர் வசிக்கும் நிதானமான ஊர். ஒபாமாவும் வரவில்லை ஒலிம்பிக்ஸும் வரவில்லை என்ற முகபாவம். ஆனால் லிட்டில் ரிச்சர்ட் இந்த ஊர்க்காரர். பஸ் ஸ்டாண்டில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தவர் பாட்டுப் பாடி உலகத்தைக் குலுக்கினார். ஓட்டிஸ் ரெடிங் வளர்ந்ததும் இங்கேதான். 1967 டிசம்பரில் 26 வயதில் விமான விபத்தில் இறந்துபோனார். அவருடைய மானேஜர் ஃபில் வால்டன், அந்த அடியிலிருந்து எழுந்து 1969-ல் தொடங்கிய ரெக்கார்ட் கம்பெனிதான் கேப்ரிகார்ன். டுவேனை நம்பி மொத்த பேண்டையும் மேக்கனுக்கு வரவழைத்தவர் அவர். அப்படித்தான் ஃபுளோரிடாப் பையன்கள் ஜார்ஜியாக்காரர்கள் ஆனார்கள்.

பசி. எச் அண்ட் எச் என்ற ஓட்டலுக்குப் போனோம். 1959-ல் ஐனெஸ் ஹில், லூயிஸ் ஹட்ஸன் என்ற இரு கறுப்பினப் பெண்மணிகள் தொடங்கியது. பொரித்த கோழி, கீரை, சோள ரொட்டி, சர்க்கரைப்பாகு மாதிரி இனிக்கும் ஐஸ் டீ. கோழி பற்றி இங்கே தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். எடிட்டர் விடமாட்டார்.

1969-ல் இந்த ஓட்டலுக்குள் நீளமுடி வைத்த வெள்ளைக்காரப் பையன்கள் நாலைந்து பேரும், அவர்களோடு ஜேமோ என்ற கறுப்பின இளைஞரும் சேர்ந்து நுழைந்ததை நினைத்துப் பாருங்கள். கறுப்பர், வெள்ளையர் ஒரே ஓட்டலில் உட்காரலாம் என்று சட்டம் வந்தே ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. தெற்கு மாநிலங்களில் சட்டம் ஒரு பக்கம், முறைப்பு இன்னொரு பக்கம். இவர்களிடம் காசும் இல்லை. இரண்டு பிளேட் வாங்கி எல்லோரும் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள். லூயிஸ் அம்மா பார்த்தார். ஆளுக்கு ஒரு பிளேட் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். காசு அப்புறம் பார்த்துக்கலாம் என்று கணக்கு.

அந்த அப்புறம் வந்தது. பையன்கள் பெரிய ஆட்களான பிறகு கடனை அடைத்ததோடு நிற்காமல், லூயிஸ் அம்மாவைத் தங்களோடு டூருக்கும் கூட்டிப்போனார்கள்.

"மெஸ் அக்கவுன்ட் வெச்சு ஏமாத்தாம ஓடிப்போகாத பசங்க" என்றான் மச்சினன். மூன்றாவது துண்டுக் கோழியில் இருந்தான்.

சாப்பிட்டுவிட்டு கேப்ரிகார்ன் ஸ்டூடியோ இருந்த தெருப்பக்கம் நடந்தோம். 1979-ல் கம்பெனி திவாலாகி, கட்டடம் பாழடைந்து கிடந்து, மெர்ஸர் பல்கலைக்கழகம் எடுத்துச் செப்பனிட்டு 2019 டிசம்பரில் மறுபடி திறந்திருக்கிறது. ஃபில்மோர் ஈஸ்ட் ஆல்பம் நியூயார்க்கில் பதிவானாலும், அட்டைப்படம் எடுத்தது மேக்கனில்தான். பாட்டுச் சாமான் பெட்டிகளை அடுக்கி அதன்மேல் ஆறு பேரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். அப்படி என்ன சிரிப்பு? படம் பிடிக்கக் காலையில் எழுப்பியதில் எல்லோரும் கடுகடுவென்று இருந்தார்களாம். அப்போது தெருவில் தெரிந்த கஞ்சா வியாபாரி ஒருவர் போக, டுவேன் குதித்து ஓடிப்போய் ஒரு பொட்டலம் வாங்கி வந்து, ஒன்றும் தெரியாத சாது மாதிரி மறுபடி உட்கார்ந்துகொண்டார். படத்தில் அவர் கை மடியில் எதையோ பொத்தியிருப்பதைப் பாருங்கள். பின் அட்டையில் யார் தெரியுமா? பெட்டி தூக்குகிற, லாரி ஓட்டுகிற ஆட்கள். கையில் பியரோடு ராஜா மாதிரி நிற்கிறார்கள். எந்தக் கம்பெனி தன் வருடாந்திர ரிப்போர்ட்டின் அட்டையில் பியூன்கள் படத்தைப் போடும், சொல்லுங்கள்.

* * *

வைன்வில் அவென்யூ, 2321-ஆம் நம்பர். பெரிய பழைய வீடு. பெயரே 'பிக் ஹவுஸ்'. 1970 தொடக்கத்திலிருந்து 1973 வரை பெர்ரி குடும்பம், டுவேன் குடும்பம், கிரெக், வருவோர் போவோர் எல்லோரும் சத்திரம் மாதிரி வாழ்ந்த இடம். 2009 டிசம்பர் முதல் மியூசியம். கிடார்கள், போஸ்டர்கள், ஆம்ப்ளிஃபயர்கள், தோல் ஜாக்கெட்டுகள். சமையலறையும் இருக்கிறது. பிற்பாடு அமெரிக்கா பூராவும் ஒலித்த 'ராம்ப்ளின் மேன்' பாட்டை டிக்கி பெட்ஸ் விடியற்காலை நாலு மணிக்கு உட்கார்ந்து எழுதி முடித்தது இந்தச் சமையலறையில்.

கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்ததும் அந்தச் சின்னப் பாட்டில் கதையை மச்சினனுக்குச் சொன்னேன். டுவேனுக்கு ஒரு பிறந்தநாள் சமயம் குதிரையிலிருந்து விழுந்து கையில் அடி, கூடவே ஜலதோஷம். தம்பி மேல் ஏகக் கோபம், அவன் சொல்லித்தான் குதிரை ஏறியதாம். பயந்துபோன தம்பி வாசலில் இரண்டு பொருளை வைத்துவிட்டு, கதவைத் தட்டிவிட்டு ஓட்டம். ஒன்று, தாஜ் மஹால் என்ற பெயருள்ள (ஆமாம், அதே பெயர்) ப்ளூஸ் பாடகரின் ரெக்கார்ட். இன்னொன்று, கோரிசிடின் என்ற ஜலதோஷ மாத்திரைப் பாட்டில். டுவேன் மாத்திரைகளைக் கொட்டிவிட்டு, லேபிளைச் சுரண்டிவிட்டு, காலிப் பாட்டிலை மோதிர விரலில் மாட்டிக்கொண்டு கிடார் தந்திமேல் வழுக்கினார்.

நம்மூர் கோட்டு வாத்தியம் கேட்டிருந்தால் இதை விளக்கவே வேண்டாம். விரலால் கட்டையில் அழுத்தினால் ஸ்வரம் படி ஏறுகிற மாதிரி வரும். கண்ணாடியால் வழுக்கினால் படியே கிடையாது, ஒரே சறுக்குமரம். ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே உள்ள அழுகை, கெஞ்சல், கேலி எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஃபில்மோர் ஆல்பத்தின் முதல் பாட்டே அப்படித்தான் ஆரம்பிக்கும். 'ஸ்டேட்ஸ்பரோ ப்ளூஸ்'. 1928-ல் பிளைண்ட் வில்லி மெக்டெல் என்ற பார்வையற்ற ஜார்ஜியாக்காரர் பதிவு செய்தது. தாஜ் மஹால் வழியாக டுவேனுக்கு வந்தது. அவர் வழுக்க, பக்கத்தில் டிக்கி பெட்ஸ் ஒரு படி மேலோ கீழோ அதே மெட்டை ஜோடி சேர்த்து வாசிக்க, நாதஸ்வரக் கோஷ்டியில் இரண்டு பேர் சேர்ந்து ஊதுகிற கும்மென்ற நிறைவு. பின்னால் கிரெக்கின் ஹாமண்ட் ஆர்கன் புகை மாதிரி பரவும். பட்ச் டிரக்ஸ் ரயில் எஞ்சின், நிற்கமாட்டார். ஜேமோ அந்த ரயிலின் ஜன்னலில் உட்கார்ந்து விளையாடுகிற குழந்தை.

1970-ல் மட்டும் ஏறக்குறைய 300 கச்சேரிகள். ஆனாலும் ரெக்கார்ட் விற்கவில்லை. அதனால்தான் 1971 ஜூலையில் இரட்டை ஆல்பமாக மேடைக் கச்சேரியையே அப்படியே போட்டார்கள். அது பிடித்துக்கொண்டது. அக்டோபர் 25-ஆம் தேதி தங்க ரெக்கார்ட் என்று அறிவிப்பு வந்தது. பையன்கள் ஜெயித்துவிட்டார்கள்.

நாலு நாள்.

* * *

அக்டோபர் 29 பெர்ரியின் மனைவிக்குப் பிறந்தநாள். டுவேன் பிக் ஹவுஸுக்கு வந்து வாழ்த்துச் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். அதே வழியில் நாங்கள் காரை மெதுவாக ஓட்டிப் போனோம். ஹில்க்ரெஸ்ட் அவென்யூ. ஏற்ற இறக்கமான சாதாரணத் தெரு. பெரிய மரங்கள், புல்வெளி வைத்த வீடுகள், ஒரு வீட்டு வாசலில் குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள். எதிரே வந்த லாரி ஒன்று குறுக்கே திரும்பியது. டுவேன் ஒதுங்கப் பார்த்து முடியாமல் விழ, வண்டி அவர் மேலேயே விழுந்தது. ஆஸ்பத்திரியில் சில மணி நேரம் போராடினார்கள். 25-ஆவது பிறந்தநாளுக்கு மூன்று வாரம் இருந்தது.

அந்த லாரியில் பீச் பழம் இருந்தது, அதனால்தான் அடுத்த ஆல்பத்துக்கு 'ஈட் எ பீச்' என்று பெயர் என உலகம் பூராவும் ஒரு கதை உலவுகிறது. சுத்தப் பொய். அது மரம் தூக்குகிற லாரி. புரட்சிக்கு என்ன செய்கிறீர்கள் என்று ஒரு பேட்டியில் கேட்டபோது, ஜார்ஜியா வரும்போதெல்லாம் சமாதானத்துக்காக ஒரு பீச் பழம் சாப்பிடுகிறேன் என்று டுவேன் கிண்டலாகச் சொல்லியிருந்தார். பெயர் அதிலிருந்து வந்தது.

மச்சினன் காரை ஓரமாக நிறுத்தினான். இந்த இடத்தில்தான் அவனிடம் அந்த விஷயத்தைச் சொன்னேன். 2012-ல் வெளிவந்த சுயசரிதையில் கிரெக்கே எழுதியது.

அண்ணனிடம் கொஞ்சம் கொகெய்ன் இருந்தது. அந்தக் காலத்தில் பேண்ட் முழுக்க அந்தச் சனியன் புகுந்துவிட்டிருந்தது. தம்பி அதிலிருந்து திருடிவிட்டார். அண்ணன் போன் பண்ணி, நீதானே எடுத்தே என்று கேட்டார். தம்பி, இல்லவே இல்லை என்று சாதித்தார். அண்ணன் நம்பிவிட்டார். உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேனே, மன்னித்துக்கொள் என்றார். பாசமாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு போனை வைத்தார். அண்ணனோடு தம்பி பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அந்தப் பொய்யை நினைக்காத நாள் இல்லை என்று நாற்பது வருஷம் கழித்து எழுதுகிறார்.

மச்சினன் எதுவும் சொல்லவில்லை. மூன்று சக்கர சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இதோடு விதி விடவில்லை. மறு வருஷம் 1972 நவம்பர் 11-ஆம் தேதி, இங்கிருந்து மூன்று தெரு தள்ளி, பெர்ரி ஓக்லியின் மோட்டார் சைக்கிள் ஒரு டவுன் பஸ்ஸில் மோதியது. ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரி வேண்டாம் என்று சொல்லி பிக் ஹவுஸுக்குப் போய்விட்டார். மண்டைக்குள் அடி. சில மணி நேரத்தில் போய்விட்டார். அவருக்கும் 24 வயது.

இப்படி ஒரு பேண்ட் அதற்கப்புறம் இருக்குமா? இருந்தது. டுவேன் இடத்துக்கு இன்னொரு கிடார்காரரை அப்போது அவர்கள் போடவில்லை. அந்த நாற்காலியை விட்டுவிட்டு, சக் லெவல் என்ற பியானோப் பையனைச் சேர்த்துக்கொண்டார்கள். 1973-ல் ஆல்பம் முதலிடம். அதே ஜூலையில் வாட்கின்ஸ் க்ளென் என்ற இடத்தில் இவர்களும் இன்னும் இரு பேண்டுகளும் வாசித்தபோது கூடியவர்கள் ஆறு லட்சம் பேர். ஜிம்மி கார்ட்டர் ஜனாதிபதி தேர்தலுக்கு நின்றபோது நிதிக் கச்சேரி செய்து கொடுத்தார்கள். கிரெக் நடிகை ஷெரைக் கல்யாணம் செய்து பத்திரிகைகளுக்குத் தீனி போட்டார். கல்யாணம் மட்டும் அவருக்கு ஆயுளில் ஆறுக்குக் குறையாது, அந்தக் கணக்குக்குள் நான் போகவில்லை.

1976-ல் ஒரு போதை மருந்து வழக்கு. தன் உதவியாளருக்கு எதிராகக் கிரெக் சாட்சி சொன்னார். அந்த மனிதருக்கு 75 வருஷம் தீர்ப்பானது (பிற்பாடு குறைந்தது). தன் ஆளையே காட்டிக்கொடுத்தவனோடு மேடை ஏறமாட்டோம் என்று மற்றவர்கள் போய்விட்டார்கள். அண்ணன் இருந்திருந்தால் காதைப் பிடித்துத் திருகியிருப்பார். சேர்ந்தார்கள், மறுபடி பிரிந்தார்கள். 1989-ல் சேர்ந்தது நிலைத்தது. நியூயார்க்கின் பீக்கன் தியேட்டரில் மட்டும் 2014 வரை இருநூறுக்கும் மேல் கச்சேரி. 2000-ல் டிக்கி பெட்ஸையே வெளியேற்றிவிட்டார்கள், அதுவும் கடிதம் அனுப்பி. இதில் யார் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள். மனை விற்ற கதை மாதிரிதான்.

* * *

ரோஸ் ஹில் 1840-ல் ஏற்பட்ட தோட்டம். படிப்படியாக இறங்கி ஓக்மல்கி ஆற்றங்கரையில் முடிகிறது. ஆற்றுக்கும் கல்லறைகளுக்கும் நடுவே ரயில் தண்டவாளம். பெயரும் புகழும் வருவதற்கு முன்னால் பையன்கள் கிடாரைத் தூக்கிக்கொண்டு ராத்திரிகளில் இங்கேதான் வந்து உட்காருவார்கள். வாடகை கிடையாது, பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தம் என்று புகார் சொல்லவும் மாட்டார்கள்.

1935-ல் இறந்துபோன எலிசபெத் ரீட் நேப்பியர் என்ற பாட்டியின் கல்லறையைத் தேடிப் பிடித்தோம். டிக்கி பெட்ஸ் ஒரு பெண்ணை நினைத்து மெட்டுப் போட்டார். அவளோ இன்னொரு பாடகரின் காதலி. நிஜப் பெயரை வைத்தால் அடி விழும். பக்கத்துக் கல்லில் இருந்த பெயரை வைத்துவிட்டார். ஜாஸ் வாசனை வீசும் அந்த வாத்திய இசையால் பாட்டியம்மாவுக்கு உலகப் புகழ்.

கொஞ்சம் தள்ளி மார்த்தா எல்லிஸ். 1896-ல் 12 வயதில் இறந்த குழந்தை, கல்லில் நிற்கிறாள். 'லிட்டில் மார்த்தா' டுவேன் தனியாக இயற்றியதாகப் பதிவான ஒரே உருப்படி. இரண்டே நிமிஷம், இரண்டு கிடார் மட்டும். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கனவில் வந்து, ஓட்டல் குளியலறைக் குழாயில் விரல் வைத்து இந்த மெட்டை வாசித்துக் காட்டினார் என்று டுவேன் சொல்லியிருக்கிறார். பதிவானது 1971 அக்டோபர். அதே அக்டோபர்.

இன்னும் கீழே இறங்கினால் இரும்பு வேலி. ரசிகர்கள் தொல்லை தாங்காமல் போட்டது. உள்ளே டுவேனும் பெர்ரியும் பக்கத்தில் பக்கத்தில், வெள்ளைக் கல்லுக்கு அடியில். 2017 ஜூன் முதல் கிரெக்கும் அருகிலேயே. கல்லீரல் புற்றுநோய், 69 வயது. அடக்கத்துக்கு ஜிம்மி கார்ட்டர் வந்திருந்தார், ஷெரும் வந்திருந்தார். அதே வருஷம் ஜனவரியில் பட்ச் டிரக்ஸ் போய்விட்டிருந்தார். நாங்கள் பார்த்து வந்த அடுத்த மாதம், 2024 ஏப்ரல் 18-ல், டிக்கி பெட்ஸும் போனார். ஆறு பேரில் மிச்சம் ஜேமோ ஒருவர்தான்.

வேலிக்கு அடியில் கிடார் மீட்டுகிற பிளாஸ்டிக் வில்லைகளும் சில்லறைக் காசுகளும் கிடந்தன. ஒரு சரக்கு ரயில் போயிற்று. நீ...ளமான ரயில். மச்சினன் பெட்டிகளை எண்ணுகிற மாதிரி உதடு அசைத்துக்கொண்டிருந்தான். போன பிறகு, "கடைசிக் கச்சேரி எப்போ மாமா?" என்றான்.

"2014 அக்டோபர் 28. பீக்கன் தியேட்டர். மூணு பகுதியா வாசிச்சாங்க. முடியவே இல்லை, நடுராத்திரி தாண்டிப் போச்சு."

"அப்போ தேதி 29 ஆயிருக்குமே?"

"ஆமா."

"கடைசியா என்ன பாட்டு?"

"'டிரபிள் நோ மோர்'. முதல்ல சேர்ந்து வாசிச்ச பாட்டு இதுதான்னு கிரெக்கே சொல்லிட்டுப் பாடினார். முதல்நாள் அண்ணன் திட்டிப் பாட வெச்ச அதே பாட்டு."

கார் வரைக்கும் மேடு ஏறி வந்தோம். அவன் சாவியைப் போட்டான், ஆனால் திருகவில்லை. சாயங்காலம் ஆறேகால் மணி. செர்ரிப் பூ நாலைந்து கண்ணாடி மேல் ஒட்டியிருந்தது.

"இப்போ ஊர்ல என்ன டைம் மாமா?"

"விடிகாலை மூணே முக்கால் இருக்கும்."

"அவன் எத்தனை மணிக்கு எந்திரிப்பான்?"

"உங்க அண்ணனா? அஞ்சரைக்கெல்லாம் பால் வாங்கக் கிளம்பிடுவாரு."

வீட்டுக்கு ஒன்றரை மணி நேர டிரைவ். அவன் மனசுக்குள் கூட்டிப் பார்ப்பது தெரிந்தது. வண்டியைக் கிளப்பினான். பாட்டு எதுவும் போடவில்லை.